பெயர் தெரியாத வேக்குவம் ஹோஸ்: பழைய எஞ்சினில் ஓர் இணைப்பை இனங்காணுதல்

கார்புரேட்டர் பொருத்தப்பட்ட பழைய பெட்ரோல் காரின் பானட்டைத் திறந்து பார்ப்பவர்கள், சுண்டுவிரலைவிட மெல்லிய கறுப்பு ரப்பர்க் குழாய் ஒன்று ஒரு முனை கழன்று தொங்குவதையோ, எந்தக் குழாயும் மாட்டப்படாத சிறு பித்தளை நிப்பிள் ஒன்று கார்புரேட்டரின் அடிப்பகுதியில் நீட்டிக்கொண்டிருப்பதையோ அடிக்கடி காண்கிறார்கள். இப்படித் தனித்து நிற்கும் குழாய்க்குப் பட்டறைகளில் வழக்கமாகக் கிடைக்கும் தீர்வுகள் இரண்டு: பக்கத்தில் காலியாக இருக்கும் நிப்பிளில் அதைச் செருகிவிடுவது, அல்லது முனையில் ஒரு திருகாணியைத் திணித்து அடைத்துவிடுவது. இரண்டில் எதைச் செய்தாலும் வண்டி அன்றைக்கு ஓடிவிடும் என்பதால்தான் இந்தப் பழக்கம் நீடிக்கிறது. ஆனால் அந்தக் குழாய் எந்த வேலைக்காக அங்கே இருந்தது என்ற கேள்வியும் திருகாணியோடு சேர்த்தே அடைபட்டுப்போகிறது. ஒரு வேக்குவம் ஹோஸை இனங்காண, அதன் மறுமுனையில் எந்தக் கருவி இருக்கிறது என்று தேடுவது மட்டும் போதாது. எஞ்சின் எந்த நிலையில் ஓடும்போது, எவ்வளவு உறிஞ்சல் அதற்குள் ஏற்பட வேண்டும் என்பதை அறிந்த பிறகே அந்த இணைப்புக்குப் பெயர் சொல்ல முடியும்.

உறிஞ்சல் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டர் காற்றை இழுக்கிறது; அந்தக் காற்று கார்புரேட்டரைக் கடந்து, சிலிண்டர்களுக்குக் கிளை பிரியும் உலோகக் குழாயான இன்டேக் மேனிஃபோல்டு வழியாக உள்ளே செல்கிறது. கார்புரேட்டரின் அடிப்பகுதியில் த்ராட்டில் எனப்படும் வட்டத் தகடு ஒன்று இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது திறப்பதும் காலை எடுக்கும்போது மூடுவதும் இதுதான். இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும்போது அதன் மறுமுனையை விரலால் முக்கால்வாசி மூடினால் வாய்க்குள் இழுவை கூடுவதைப் போல, த்ராட்டில் மூடியிருக்கையில் பிஸ்டன்கள் தொடர்ந்து இழுப்பதால் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட வெகுவாகக் குறைகிறது. இந்தக் குறைவைத்தான் பட்டறை வழக்கில் வேக்குவம் என்கிறார்கள். பெயர் அப்படியிருந்தாலும் அது முழு வெற்றிடம் ஆகிவிடுவதில்லை. கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் 760 மி.மீ. பாதரச உயரத்துக்குச் சமம். நல்ல நிலையிலுள்ள எஞ்சின் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் தானாக நின்று ஓடும் நிலையில், வேக்குவம் கேஜில் 430 முதல் 560 மி.மீ. வரை முள் அசையாமல் காட்டும். ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால் அது பூச்சியத்தை நெருங்கும். வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் சட்டென்று காலை எடுத்தால் ஐடிலிங் அளவையும் தாண்டி ஏறும். உயரமான இடங்களில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைந்துவிடுவதால் இந்த எண்களும் குறையும். சென்னையில் 480 மி.மீ. காட்டிய எஞ்சின், ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் ஏறத்தாழ 300 மி.மீ. மட்டுமே காட்டும் என்பதை நினைவில் கொள்ளாதவர்கள் அங்கே நல்ல எஞ்சினையே பழுது என்று முடிவு செய்யக்கூடும்.

இந்த உறிஞ்சலை எந்த இடத்தில் துளையிட்டு எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் குணம் முற்றிலும் மாறுகிறது. த்ராட்டில் தகட்டுக்குக் கீழே, மேனிஃபோல்டின் பக்கமாக உள்ள துளையில் ஐடிலிங்கிலேயே முழு உறிஞ்சல் கிடைக்கும். இதை மேனிஃபோல்டு வேக்குவம் என்பார்கள். தகடு மூடியிருக்கும்போது அதன் விளிம்புக்குச் சற்றே மேலே அமையும் துளையில் ஐடிலிங்கில் எதுவும் இருக்காது. மிதியைச் சிறிது அழுத்தியதும் தகட்டின் விளிம்பு அந்தத் துளையைக் கடந்து மேலேறிவிடுவதால் துளை மேனிஃபோல்டின் பக்கமாக வந்து, உறிஞ்சல் திடீரெனத் தோன்றும். இதற்குப் போர்ட்டட் வேக்குவம் என்று பெயர். மூன்றாவது வகை, கார்புரேட்டரின் குறுகிய கழுத்தான வெஞ்சுரியிலிருந்து எடுக்கப்படுவது; காற்றோட்டத்தின் வேகத்துக்கேற்ப வளரும் இது மிகவும் பலவீனமானது என்பதால், பெருக்கிக் கொடுக்கும் ஒரு துணைக் கருவி இல்லாமல் எந்த வால்வையும் இதனால் நேரடியாக அசைக்க இயலாது.

முதல் இரண்டு வகைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு எவ்வளவு நுண்ணியது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எஞ்சினை நிறுத்தி, ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றி, சோக் தகட்டை விரலால் திறந்து பிடித்துக்கொண்டு டார்ச் ஒளியைக் கார்புரேட்டரின் தொண்டைக்குள் செலுத்தினால், அடியில் த்ராட்டில் தகட்டின் மேற்பரப்பு பழுப்பேறித் தெரியும். சுவரில், தகட்டின் விளிம்பை ஒட்டியபடி, குண்டூசித் தலை அளவுக்குக்கூட இல்லாத துளை ஒன்றோ நெட்டுவாக்கில் கீறியதுபோன்ற சிறு பிளவு ஒன்றோ இருக்கும். ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் மெதுவாக இழுத்தால் விளிம்பு அதைக் கடந்து மேலேறுவதைக் காணலாம். சில கார்புரேட்டர்களில் இத்தகைய துளைகள் ஒன்றுக்கு மேல் வெவ்வேறு உயரங்களில் இருக்கும். அதனால்தான் ஒரே மாதிரி தோன்றும் இரண்டு நிப்பிள்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒன்று மிதியைத் தொட்டவுடனும் மற்றது இன்னும் சற்று மிதித்த பிறகும் வேலை தொடங்குகின்றன. வெளியிலிருந்து நிப்பிளை மட்டும் பார்த்து இதை ஊகிக்கவே முடியாது. கார்புரேட்டரின் உடலுக்குள் துளைகள் வளைந்து சென்று எதிர்ப்பக்கத்தில் வெளிவருவதும் உண்டு. (ஐடிலிங்கில் பெட்ரோல் வரும் வழிகளும் அதே இடத்தில்தான் அமைந்திருக்கின்றன என்பதால், கண்ணில் படும் எல்லாத் துளைகளையும் வேக்குவம் துளைகள் என்று கொண்டுவிடக் கூடாது.)

ஒரு தலைமுறைக் கார்களில் மட்டும் இந்தக் குழாய்கள் ஏன் இவ்வளவு பெருகின என்பதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. அம்பாசிடரின் 1,489 சி.சி. எஞ்சினில் கார்புரேட்டரிலிருந்து, சிலிண்டர்களுக்குப் பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் மெல்லிய குழாய் ஒன்றைத் தவிரக் குறிப்பிடத்தக்க உறிஞ்சல் இணைப்பு ஏறக்குறைய கிடையாது. அமெரிக்காவில் நிலைமை வேறு. கிராங்க் அறையில் தேங்கும் வாயுவை மீண்டும் மேனிஃபோல்டுக்குள் இழுத்து எரிக்கும் பி.சி.வி. வால்வு கலிஃபோர்னியாவின் 1961 மாடல் கார்களிலேயே வந்துவிட்டது. 1970 டிசம்பர் 31 அன்று கையெழுத்தான தூய காற்றுச் சட்டத் திருத்தம், புகையிலுள்ள ஹைட்ரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் 1975க்குள்ளும், நைட்ரஜன் ஆக்சைடை 1976க்குள்ளும் 90 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று கெடு விதித்தது. கெடு பின்னர் தள்ளிப்போனாலும், பொறியாளர்கள் உடனடியாக வேலையைத் தொடங்க வேண்டியிருந்தது. அப்போது காரில் பொருத்தும் அளவுக்கு நம்பகமான மின்னணுக் கட்டுப்பாடு பரவலாக இல்லை. கையில் இருந்தவை எஞ்சினின் உறிஞ்சலும், ரப்பர்க் குழாய்களும், டயாஃப்ரம் எனப்படும் வளையும் சவ்வும், வெப்பத்துக்கேற்ப வளையும் ஈருலோகத் தகடும்தான். எஞ்சின் சூடேறியிருந்தால் மட்டும் இந்த வழியைத் திற, மிதியை அழுத்திய சில நொடிகளுக்குப் பிறகே அந்தச் சவ்வை இழு, என்பன போன்ற நிபந்தனைகள் அனைத்தையும் காற்றழுத்தத்தைக் கொண்டே எழுதினார்கள். 1972இல் தன் சி.வி.சி.சி. எஞ்சினால் அமெரிக்க அரசின் சோதனையில் 1975ஆம் ஆண்டு வரம்புகளை நிறைவேற்றிக் காட்டிய ஹோண்டா, 1980களின் கார்புரேட்டர் கார்களில் ஹோஸ்களை அடையாளம் காண அவற்றின் மீதே எண்களை அச்சிட வேண்டியிருந்தது என்பதிலிருந்து அந்தக் கட்டமைப்பு எவ்வளவு அடர்ந்திருந்தது என்பதை உணரலாம். இன்று பலரும் அதைக் குழாய்க் குப்பை என்று ஒதுக்கிப் பிடுங்கி எறிகிறார்கள். மின்னணுக் கணிப்பொறி இல்லாமல் ஓர் எஞ்சினைச் சிந்திக்க வைத்த அந்த உழைப்பு மதிப்புக்குரியது. அதைப் புரிந்துகொண்டு திருத்துவது, பிடுங்குவதைவிடக் கடினமானதும் அல்ல.

இந்தியாவில் இந்த அடர்த்தி தாமதமாகவும் குறைவாகவும் வந்தது. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அதாவது புகையை வேதிவினையால் சுத்தப்படுத்தும் கலம், கட்டாயமாக்கப்பட்டபோது மாருதி 800 போன்றவை இன்னும் கார்புரேட்டரோடுதான் வந்துகொண்டிருந்தன. அந்த இடைக்கால வண்டிகளில் ஒரு ஹோஸ் கழன்று காற்று கசிந்தால் விளைவு கரடுமுரடான ஐடிலிங்கோடு நிற்பதில்லை: கலவையில் காற்று மிகுந்து, எரியாமல் தப்பும் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை அளவுக்கு மீறிச் சூடாக்குகிறது.

இனி, கையில் இருக்கும் பெயர் தெரியாத குழாய்க்கு வருவோம். எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னரே அந்தக் குழாய் பல செய்திகளைச் சொல்லிவிடும். கழன்ற முனையை விரல்களுக்கிடையில் பிடித்துப் பார்த்தால், நீண்ட காலம் ஒரு நிப்பிளில் மாட்டியிருந்த ரப்பரின் வாய் விரிந்து அப்படியே இறுகிப்போயிருக்கும். அந்த விரிவின் உள்விட்டம், அது விட்டுவந்த நிப்பிளின் வெளிவிட்டத்துக்குச் சமம். குழாயை இழுக்காமல் தளர விட்டால் அது எந்தப் பக்கம் வளைந்து நிற்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் பல்லாண்டுகள் கழித்திருக்கிறது. புகைக்குழாயின் அருகே கிடந்த பகுதி மட்டும் கடினப்பட்டு, மடக்கினால் வெடிப்புக் கீறல் காட்டும். வாயின் உட்புறத்தில் வெள்ளைத் துணியை முறுக்கிவிட்டு எடுத்தால் இன்னும் தெளிவாகும்: பழுப்பு நிற எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கிராங்க் அறை வாயுவோடு தொடர்புடையது, உலர்ந்த கரி இருந்தால் புகைச் சுழற்சி வால்வின் பக்கம் சந்தேகம் போக வேண்டும், பெட்ரோல் வாடை மட்டும் இருந்தால் டேங்க்கின் ஆவியைத் தேக்கும் கரிக்கலமான கேனிஸ்டரின் குழாயாக இருக்கலாம், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள அமெரிக்க வண்டியில் சிவந்த எண்ணெய் தென்பட்டால், கியர் மாறும் நேரத்தைத் தீர்மானிக்கும் மாடுலேட்டரின் சவ்வு கிழிந்து கியர் எண்ணெயை எஞ்சின் உறிஞ்சிக்கொண்டிருந்தது என்று பொருள், அத்தகைய வண்டி வெண்புகை விட்டதற்கும் அதுவே காரணமாக இருந்திருக்கும். எதுவும் ஒட்டாமல் சுத்தமாக இருந்தால் அது டிஸ்ட்ரிபியூட்டர் சவ்வுக்கோ, ஏர் ஃபில்டரின் சூடான காற்றுக் கதவுக்கோ, அழுத்தத்தை அளக்கும் உணர்கருவிக்கோ சென்றிருக்க வேண்டும். இவற்றில் காற்று ஓடுவதில்லை, அழுத்தம் மட்டுமே கடத்தப்படுகிறது.

அளவும் உதவும். பிரேக் மிதியின் பாரத்தைக் குறைக்கும் பூஸ்டருக்குச் செல்லும் குழாய் ஏறத்தாழ 10 மி.மீ. உள்விட்டத்தோடு தடித்தும், ஒரு திசையில் மட்டும் காற்றை விடும் வால்வு இணைந்தும் இருக்கும் என்பதால் அதைப் பிறவற்றோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை. எஞ்சினை நிறுத்தி மிதியைப் பலமுறை அழுத்திவிட்டு, அழுத்திய நிலையிலேயே ஸ்டார்ட் செய்தால் மிதி சற்றுக் கீழிறங்க வேண்டும், இறங்காவிட்டால் அந்தப் பாதையில் பழுது இருக்கிறது. சைகை மட்டும் கடத்தும் குழாய்கள் 3, 4 மி.மீ. உள்விட்டத்தோடு மெலிந்திருக்கும். எல்லாக் கறுப்புக் குழாயும் வேக்குவம் ஹோஸ் என்று கொள்வதும் பிழை. வாஷர் நீர்க் குழாய், கார்புரேட்டர் மிதவைக் கிண்ணத்தின் காற்றுவாய், கியர்பாக்ஸின் மூச்சுக்குழாய் ஆகியவை அதே தோற்றத்தில் இருக்கும், இவற்றில் பின்னிரண்டும் திறந்தே இருக்க வேண்டியவை. மின்காந்த வால்வுகளில் சிறு நுரைத் தொப்பி அணிந்த நிப்பிள் ஒன்று இருந்தால், அது வெளிக்காற்றை உள்ளே விடுவதற்காகவே விடப்பட்டது. அதை அடைத்தால் அந்த வால்வு கட்டுப்படுத்தும் சவ்வு ஒருமுறை இழுபட்ட பிறகு திரும்பாது.

அடுத்து எஞ்சினைக் கேட்க வேண்டும். கேஜை ஒரு ‘டி’ இணைப்பின் வழியாகவோ நேரடியாகவோ காலி நிப்பிளில் பொருத்தி, குளிர்ந்த எஞ்சினில் ஐடிலிங்கிலும், மிதியைச் சிறிது அழுத்தியும், நிமிடத்துக்கு 2,000 சுற்றுகளைத் தாண்டியும் குறித்துக்கொண்டு, எஞ்சின் முழுச்சூடு பெற்ற பிறகு அதே மூன்று அளவுகளை மறுபடியும் எடுக்க வேண்டும். ஐடிலிங்கிலேயே முள் ஏறினால் மேனிஃபோல்டு வகை. மிதித்த பிறகே ஏறினால் போர்ட்டட் வகை. குளிரில் பூச்சியமாக இருந்து சூடான பின் உயிர் பெற்றால் இடையில் வெப்ப வால்வு ஒன்று இருக்கிறது. மெதுவாக, சில நொடிகள் எடுத்து ஏறினால் பாதையில் தாமத வால்வோ, குழாய்க்குள் செருகிய குறுந்துளைக் கட்டையோ இருக்கிறது. பட்டறைகளில் பெரும்பாலும் சூடான எஞ்சினில் ஒரே ஒரு அளவை மட்டும் எடுத்துவிட்டு முடிவு சொல்லிவிடுவதால்தான் வெப்ப வால்வு சார்ந்த இணைப்புகள் தவறாகப் போகின்றன.

நிப்பிளின் குணம் தெரிந்துவிட்டது. குழாயின் மறுமுனையிலுள்ள கருவி எந்தக் குணத்தைக் கேட்கிறது என்பதைக் கையால் இயக்கும் வேக்குவம் பம்ப் சொல்லும். குழாயில் பம்பைப் பொருத்தி 400 மி.மீ. வரை இழுத்துவிட்டு நிறுத்தினால், சவ்வு நலமாக இருக்கும் கருவி அந்த அளவைத் தாங்கிப் பிடிக்கும். ஐடிலிங்கில் ஓடும் எஞ்சினில் இப்படி இழுக்கும்போது எஞ்சின் உதறி நின்றுபோனால், அந்தக் குழாய் இ.ஜி.ஆர். வால்வுக்கு உரியது, எரிவெப்பத்தைக் குறைப்பதற்காகப் புகையில் ஒரு பங்கை மீண்டும் சிலிண்டருக்குள் விடும் அந்த வால்வு ஐடிலிங்கில் மூடியிருக்க வேண்டியதாகையால், அதற்கு மேனிஃபோல்டு வேக்குவத்தை நேரடியாகக் கொடுத்துவிட்ட வண்டிகள்தான் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அணைந்துபோகின்றன. (புகையின் பின்னழுத்தம் இருந்தால் மட்டுமே உறிஞ்சலைப் பிடிக்கும் ஒரு வகை இ.ஜி.ஆர். வால்வும் உண்டு, நின்ற எஞ்சினில் அது தாங்கவில்லை என்பதற்காகச் சவ்வு கிழிந்ததாக எண்ணிவிடக் கூடாது.) இழுத்தவுடன் எஞ்சினின் சுற்று வேகம் கூடி, டைமிங் லைட்டில் குறி முன்னே நகர்ந்தால் அது டிஸ்ட்ரிபியூட்டரின் அட்வான்ஸ் சவ்வு, குறைந்த சுமையில் கலவை மெதுவாக எரிவதால் பொறியை முன்கூட்டியே தருவது இதன் பணி. சில டிஸ்ட்ரிபியூட்டர்களில் இரண்டு நிப்பிள்கள் இருக்கும். வெளிப்பக்கத்தது பொறியை முன்னே தள்ளும், உட்பக்கத்தது பின்னே இழுக்கும், எனவே இரண்டையும் மாற்றி மாட்டினால் ஐடிலிங்கும் பிக்கப்பும் ஒருசேரக் கெடும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேனிஃபோல்டு வேக்குவம் தருவதா, போர்ட்டட் வேக்குவம் தருவதா என்பது பழைய கார் ஆர்வலர்களிடையே ஓயாத வழக்கு. இரண்டு முறைகளிலும் தொழிற்சாலையிலிருந்தே வந்த எஞ்சின்கள் உண்டு. அட்வான்ஸ் சவ்வின் சுருள்வில்லும், அடிப்படை டைமிங்கும், ஐடிலிங் திருகின் நிலையும் ஒன்றையொன்று கருதியே வகுக்கப்பட்டவை. ஆகவே பொதுவான விதியைத் தேடுவதைவிட, அந்த ஆண்டின் அந்த எஞ்சினுக்கு உரிய படத்தை நம்புவதே சரி. அமெரிக்கச் சந்தைக்கான பல வண்டிகளில் பானட்டின் அடியிலோ ரேடியேட்டர் சட்டத்திலோ ஒட்டப்பட்ட தாளில் ஹோஸ் பாதையின் படம் இருக்கும். தாள் உரிந்துபோன வண்டியில் பட்டறைக் கையேட்டைப் பார்க்கலாம், ஆனால் ஒரே மாடலுக்குள்ளும் ஆண்டு, கியர்பாக்ஸ், விற்பனையான மாநிலம் ஆகியவற்றுக்கேற்பப் படம் மாறும் என்பதைச் சரிபார்க்காமல் அதைப் பின்பற்றக் கூடாது. கார்புரேட்டரே வேறொரு வண்டியிலிருந்து எடுத்து மாட்டப்பட்டிருந்தால், அதில் மிஞ்சும் நிப்பிளுக்கு இந்த எஞ்சினில் வேலையே இல்லாமலிருக்கலாம். அப்போது மட்டுமே ரப்பர்த் தொப்பியிட்டு அடைப்பது முறையான முடிவாகிறது.

டீசல் வண்டிகளில் இந்த விசாரணை வேறு இடத்தில் தொடங்க வேண்டும். அக்காலத்து டீசல் எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் காற்றை மறிக்கும் த்ராட்டில் தகடு இல்லை. எனவே மேனிஃபோல்டில் பயன்படும் உறிஞ்சல் பிறப்பதில்லை, ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலோ எஞ்சினின் முகப்பிலோ பொருத்திய தனிப் பம்ப் அதைத் தருகிறது. பழைய மெர்சிடிஸ் டீசல் கார்களில் கதவுப் பூட்டுகளும், சாவியைத் திருப்பியதும் எஞ்சினை நிறுத்தும் கருவியும் அதே உறிஞ்சலில் இயங்குவதால், பின்கதவில் கழன்ற ஒரு சிறு குழாய்கூடச் சாவியை எடுத்த பிறகும் எஞ்சினை ஓடவைத்துவிடும்.

கசிவைத் தேடும் முறையில் ஓர் எச்சரிக்கை அவசியம். சிரிஞ்சில் பெட்ரோலை எடுத்து, ஓடும் எஞ்சினின் ஹோஸ்களின் மேல் தெளித்து, சுற்று வேகம் மாறும் இடத்தைக் கசிவு என்று கண்டுபிடிக்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு; சூடான புகைக்குழாய்க்கும் பொறி தாவும் ஒயர்களுக்கும் ஒரு முழம் தூரத்தில் செய்யப்படும் இந்த வேலை தீப்பிடிக்க நேரடியாக வழிவகுக்கிறது. ஒவ்வொரு ஹோஸாக விரலால் மடித்து அழுத்திப் பிடித்து, ‘உஸ்’ என்ற ஓசை நிற்கிறதா, ஐடிலிங் சீராகிறதா என்று கவனிப்பதே பெரும்பாலான கசிவுகளைக் காட்டிக்கொடுக்கும். பிளேயரால் நசுக்கினால் முதிர்ந்த ரப்பர் அந்த இடத்திலேயே பிளந்து புதிய கசிவு உருவாகும்.

இணைப்பு இன்னதென்று தெரிந்த பிறகு பழைய குழாயைத் தூக்கி எறிவதற்கு முன் அதை நீளவாக்கில் கிழித்துப் பார்ப்பது நல்லது. உள்ளே ஊசித்துளையுள்ள பித்தளைக் கட்டை ஒன்று ஒளிந்திருந்தால் அதை எடுத்துப் புதிய குழாயில் அதே இடத்தில் செருக வேண்டும். நிறம் பிரித்த தாமத வால்வு இருந்தால் எந்த நிறம் கார்புரேட்டரை நோக்கியிருந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும், திருப்பி மாட்டினால் அது தாமதப்படுத்த வேண்டிய நேரத்தில் தாமதப்படுத்தாது. பளபளப்பான வண்ண சிலிக்கான் குழாய்கள் வெப்பத்தை நன்றாகத் தாங்கினாலும் பெட்ரோல் ஆவியும் எண்ணெயும் பட்டால் ஊதிப் பருத்துவிடும் என்பதால், டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் சுத்தமான குழாய்க்கு அவை பொருந்தும், கேனிஸ்டருக்கும் பி.சி.வி. வால்வுக்கும் எரிபொருள் தாங்கும் நைட்ரைல் ரப்பர்க் குழாயே வேண்டும். நீண்ட காலம் கசிந்த எஞ்சினில் முந்தைய கைகள் அந்தக் கசிவுக்கு ஈடாக ஐடிலிங் திருகையும் கலவைத் திருகையும் திருப்பி வைத்திருக்கும்; எனவே ஹோஸை மாட்டியவுடன், டிஸ்ட்ரிபியூட்டர் குழாயைக் கழற்றி முனையை அடைத்துவிட்டு அடிப்படை டைமிங்கை வைத்து, பிறகு ஐடிலிங்கையும் கலவையையும் முதலிலிருந்து சரிசெய்ய வேண்டும்.